பொதியில் 22, காதில் எவ்வளவு? காம்பாட் ஆர்ம்ஸ் இயர்பிளக்: ஒரு நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இயர்பிளக் தயாரிக்கும் ஏரோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒரு புதிய இயர்பிளக் சோதிக்கப்பட்டது. பத்துப் பேரின் காதில் அளக்க வேண்டிய சோதனை எட்டுப் பேரோடு நிறுத்தப்பட்டது. அதுவரை வந்த அளவுகளின்படி அதன் இரைச்சல் குறைப்பு மதிப்பீடு, அதாவது என்ஆர்ஆர், 10.9 மட்டுமே. பிறகு அதே பிளக்கை வேறு விதமாகக் காதில் பொருத்தி மறுபடி சோதித்தார்கள். 22 வந்தது. பொதியில் அச்சானதும் 22தான்.

அந்த பிளக்கின் பெயர் காம்பாட் ஆர்ம்ஸ், பதிப்பு 2. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்ட அமெரிக்கப் படையினரின் காதுகளில் 2003 முதல் அது இருந்தது. 2008இல் 3எம் நிறுவனம் ஏரோவை வாங்கியது. 2015இல் பிளக்கின் விற்பனை நின்றது. 2023 ஆகஸ்டில், 601 கோடி டாலர் தர 3எம் ஒப்புக்கொண்டு, இந்த பிளக் காதைக் காக்கவில்லை என்று படையினர் தொடுத்த வழக்குகளை முடித்துக்கொண்டது. தவறு செய்ததாக அந்த உடன்பாட்டில் அது ஏற்கவில்லை.

நீதிமன்றக் கணக்குகள் ஒருபுறம் இருக்கட்டும். இயர்பிளக் வாங்கிக் கொடுக்கிற ஒவ்வொரு பாதுகாப்பு அலுவலரும், தறிக்கூடத்திலோ பிரஸ் ஷாப்பிலோ அதைக் காதில் வைக்கிற ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இந்த வழக்கில் இருக்கிறது. பொதியில் உள்ள எண் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் காதில் அளந்தது. வேலை செய்பவரின் காதில் எவ்வளவு தடுக்கிறது என்பது அங்கே அளந்தால்தான் தெரியும்.

பிளக் எப்படி இருந்தது

இரண்டு முனை கொண்ட பிளக் அது. ஒரு முனை ஆலிவ் பச்சை, மறு முனை மஞ்சள். ஒவ்வொரு முனையிலும், குடைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் மூன்று ரப்பர் விளிம்புகள். இரண்டையும் இணைக்கும் தண்டு நடுவில். பச்சை முனையைக் காதில் வைத்தால் அது சாதாரண இயர்பிளக். எஞ்சின், ஹெலிகாப்டர் போன்ற தொடர் இரைச்சலுக்கு உரியது. மஞ்சள் முனையை வைத்தால் கதை வேறு. தண்டுக்குள் நுண்துளைகள் கொண்ட சிறு வடிகட்டி இருக்கிறது. பேச்சு போன்ற மெல்லிய ஒலி அந்தத் துளைகள் வழியே தடையின்றிப் போகும். துப்பாக்கி வெடிக்கும்போது எழும் அழுத்த அலை துளைக்குள் சுழலாகச் சிதறி, பெரும்பகுதி அங்கேயே வலுவிழக்கும். பிரான்சின் செயின்ட் லூயியில் உள்ள பிரெஞ்சு–ஜெர்மன் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வடிகட்டி இது.

கருத்து அருமையானது. படைவீரர் இயர்பிளக் வைக்க மறுப்பதற்கு முதல் காரணமே கட்டளை கேட்காது என்பதுதான். ஒரு தாக்குதல் துப்பாக்கி சுடுபவரின் காதருகே 150 டெசிபலுக்கு மேல் உச்ச அழுத்தம் எழுப்பும். 140 டெசிபல் உச்சமே பாதுகாப்பற்ற காதுக்கு எல்லை. அந்த எல்லையைத் தாண்டிய வெடிப்பு சில மில்லி நொடிகளில் உள்காதின் நுண்மயிர்ச் செல்களைப் பிய்த்துவிடக்கூடும். அந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி வளர்வதில்லை. ஆகவே பேச்சை விட்டுவிட்டு வெடியை மட்டும் தடுக்கும் பிளக்குக்கு உண்மையான தேவை இருந்தது.

கோளாறு வடிகட்டியில் இல்லை, பிளக்கின் நீளத்தில் இருந்தது. படையினர் வைத்திருந்த சிறு டப்பாவுக்குள் அடங்கும்படி பிளக்கைக் குட்டையாக்கச் சொன்னது ராணுவமே என்பது பின்னாளில் 3எம் முன்வைத்த வாதம். யார் கேட்டிருந்தாலும் விளைவு ஒன்றுதான்: சில காதுகளில் ஆழமாகப் போய் உட்கார அந்த நீளம் போதவில்லை.

விளிம்பு மீண்டு விரிந்தால் என்ன ஆகும்

பிளக்கை ஆழமாக அழுத்தும்போது, வெளியே நிற்கும் மறுமுனையின் விளிம்புகள் காதுத்துளையின் வாயில் மோதும். ரப்பர் வளைந்து கொடுக்கும். பிளக்கும் உள்ளே போய்விடும். வைத்தவருக்கு நன்றாக அடைத்ததாகவே தோன்றும். ஆனால் வளைந்த ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த மெல்லிய உந்துதல் பிளக்கை மயிரிழை அளவு வெளியே தள்ளும். அவ்வளவு போதும், அடைப்பு விட்டுவிடும்.

மெல்ல நடப்பதால் இது காதுக்குத் தெரியாது. பிளக் கீழே விழாது, கண்ணுக்கும் அதே இடத்தில் இருப்பதாகவே படும். சத்தம் திடீரென்று கூடுவதில்லை என்பதால் மூளை பழகிக்கொண்டே போகும். கழன்று விழும் பிளக்கை விட இது ஆபத்தானது, ஏனென்றால் விழுந்ததை எடுத்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். 2000 ஜூலையில் நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட ஓர் அறிக்கை இந்த இயக்கத்தைத் தெளிவாகவே விவரித்திருந்தது. வழக்கு முழுவதும் ‘ஃபிளாஞ்ச் அறிக்கை’, அதாவது விளிம்பு அறிக்கை, என்று பேசப்பட்டது அதுதான்.

தீர்வும் அதிலேயே இருந்தது. பிளக்கை வைப்பதற்கு முன், வெளியே நிற்கப்போகும் முனையின் விளிம்புகளைப் பின்னோக்கி மடித்துவிட வேண்டும். மோத எதுவும் இருக்காது, ஆழமாகப் போகும். இப்படி மடித்து வைத்து எடுத்த சோதனையில்தான் 22 கிடைத்தது. ஆனால் மடித்தால்தான் 22 என்ற தகவல் ராணுவத்துக்குப் போன வழிமுறைகளில் சொல்லப்படவில்லை என்பது வழக்கின் மையக் குற்றச்சாட்டு. முறையாகப் பயன்படுத்தினால் பிளக் பாதுகாப்பானதே, பயிற்சி தந்தது ராணுவத்தின் செவியியல் நிபுணர்கள் என்பது நிறுவனத்தின் பதில்.

10.9 எப்படி வந்தது

அமெரிக்கப் பொதிகளில் உள்ள என்ஆர்ஆர், ஏஎன்எஸ்ஐ எஸ்3.19–1974 என்ற தரமுறைப்படி அளக்கப்படுவது. பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று முறை. அமைதியான அறையில் 125 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒன்பது அலைவரிசைகளில், காதுக்கு மட்டுமட்டாகக் கேட்கும் மிகச் சிறிய ஒலியைக் கண்டுபிடிப்பார்கள். முதலில் பிளக் இல்லாமல், பிறகு பிளக்கோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் காதில் பிளக் தடுத்த அளவு. பிளக்கைக் காதில் வைத்துவிடுவது பழகிய ஆய்வக ஊழியர். சோதிக்கப்படுபவர் மெல்லுவதில்லை, கத்திப் பேசுவதில்லை, வியர்ப்பதில்லை.

கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. ஒவ்வொரு அலைவரிசையிலும் சராசரித் தடுப்பிலிருந்து திட்ட விலக்கத்தின் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்ற கணக்கின்) இரண்டு மடங்கைக் கழிப்பார்கள். பெரும்பாலோருக்குக் குறைந்தது இவ்வளவாவது கிடைக்கும் என்று சொல்வதற்காக. எளிமைக்காக ஒரே எண்ணாக எடுத்துக்கொள்வோம். சராசரி 25, விலக்கம் 3 என்றால் 19 கிடைக்கும். சராசரி அதே 25, விலக்கம் 8 என்றால் 9தான். எனவே குறைந்த என்ஆர்ஆர் என்றால் பிளக் எல்லோருக்கும் மோசம் என்று பொருள் கொள்ளக் கூடாது. சிலருக்கு நன்றாகவும் சிலருக்கு மிக மோசமாகவும் இருக்கலாம். இந்த பிளக்கின் மஞ்சள் முனைக்கு முதல் சோதனையில் வந்தது மைனஸ் 2. பொதியில் 0 என்று போட்டார்கள். எந்த பிளக்கும் ஒலியைப் பெருக்குவதில்லை. சராசரி ஏற்கெனவே சிறியதாக இருக்கும்போது, அதிலிருந்து சிதறலைக் கழித்தால் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும், அவ்வளவுதான்.

எங்கள் பார்வையில் இந்த நிகழ்வின் முக்கியமான கணம் இதுதான். காதுக்குக் காது அளவு சிதறியது சோதனையின் பிழையாகப் பார்க்கப்பட்டது. பிளக்கைத் திருத்தாமல் பிளக்கை வைக்கும் முறையைத் திருத்தி, மறுசோதனை எடுக்கப்பட்டது. உண்மையில் அந்தச் சிதறல்தான் பொருள் பற்றிய மிகச் சரியான தகவல். தேர்ந்த கைகள் வைத்துவிட்டும் எட்டுப் பேரில் இத்தனை வேறுபாடு வந்தால், இருட்டில், கையுறையோடு, அவசரத்தில் ஒரு வீரர் தானே வைத்துக்கொள்ளும்போது என்ன நடக்கும்?

22க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குப் பாதிதான். டெசிபல் மடக்கை அளவு என்பதால், தடுப்பு 11 டெசிபல் குறைந்தால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கூடும். 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்ற விதிப்படி, எட்டு மணி நேரத்துக்குப் போதும் என்று நம்பிய பாதுகாப்பு சுமார் 38 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வெளிவந்த விதம்

ஆவணங்கள் வெளியே வந்தது ஒரு வணிகப் பூசலால். 2012இல், போட்டி நிறுவனமான மோல்டெக்ஸ்–மெட்ரிக் மீது 3எம் காப்புரிமை வழக்குப் போட்டது. பின்னர் மோல்டெக்ஸ், அரசை ஏமாற்றி விற்பதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் 2016இல் அரசின் சார்பில் வழக்குத் தொடுத்தது. 2018 ஜூலையில் அமெரிக்க நீதித் துறையுடன் 91 லட்சம் டாலருக்கு 3எம் சமரசம் செய்துகொண்டது. பிளக் குட்டையாக இருந்தது, வைத்தவருக்குத் தெரியாமலே தளரக்கூடியது, இது தெரிந்தும் ராணுவத்துக்குச் சொல்லவில்லை என்பன அரசின் குற்றச்சாட்டுகள். பொறுப்பு யாருடையது என்று அதில் தீர்மானிக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு படையினரும் முன்னாள் படையினரும் திரண்டார்கள். 2019 ஏப்ரலில் வழக்குகள் புளோரிடாவின் பென்சகோலாவில் நீதிபதி கேசி ராட்ஜர்ஸ் முன்னிலையில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டி, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற வரலாற்றிலேயே மிகப் பெரிய தொகுப்பு வழக்கானது. அரசு கேட்டபடி செய்துகொடுத்தோம் என்ற ஒப்பந்ததாரர் வாதத்தை 2020இல் நீதிபதி ஏற்கவில்லை. மாதிரிக்காக நடந்த 16 விசாரணைகளில் பத்தில் வழக்காடியவர்களும் ஆறில் நிறுவனமும் வென்றார்கள். 2022 ஜூலையில் ஏரோவைத் திவால் பாதுகாப்புக்குக் கொண்டுபோன முயற்சியும் அடுத்த ஆண்டு ஜூனில் தள்ளுபடியானது. இரண்டு மாதத்தில் உடன்பாடு வந்தது.

ஆறு விசாரணைகளில் நிறுவனம் வென்றதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒருவரின் காது கெட்டது இந்த பிளக்காலா, பிளக் வைக்காத நாட்களாலா, வேறு வெடிப்பாலா என்று பின்னோக்கிப் போய் நிறுவுவது மிகக் கடினம். பாதுகாப்பு எவ்வளவு கிடைத்தது என்பதை அன்றே அவர் காதில் அளந்து எழுதி வைத்திருந்தால் இந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது. அமெரிக்க முன்னாள் படையினருக்கு அரசு அங்கீகரிக்கும் ஊனங்களில் முதலிடத்தில் இருப்பது காது இரைச்சல். அதற்கு மருந்து இல்லை, இழப்பீடு மட்டுமே உண்டு.

தொழிற்கூடத்துக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மூன்று விளிம்பு இயர்பிளக் பொதிகளிலும் இதே என்ஆர்ஆர் அச்சாகியிருக்கும். சிலவற்றில் ஐரோப்பியத் தரமுறைப்படியான மதிப்பீடான எஸ்என்ஆர் இருக்கும். எஸ்என்ஆரில் ஒரு விலக்கம் மட்டுமே கழிக்கப்படுவதால் அது வழக்கமாக என்ஆர்ஆரை விடப் பெரிதாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது தவறு.

98 டெசிபல் (ஏ) உள்ள ஒரு விசைத்தறிக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். பொதியில் 22. அதை அப்படியே கழித்து 76 என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. என்ஆர்ஆர், தாழ்ந்த சுருதி ஒலியையும் கிட்டத்தட்ட முழுதாக எண்ணும் சி எடையிட்ட அளவிலிருந்து கழிக்க வேண்டிய எண். காதைப்போல் தாழ்ந்த சுருதியைக் குறைத்து எண்ணும் ஏ எடையிட்ட மீட்டர் அளவு என்றால் முதலில் 7ஐக் குறைக்க வேண்டும்: 15. அப்படியானால் காதில் 83. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை பரிந்துரைப்பதுபோல் களநிலைக்காக அதிலும் பாதியை மட்டும் எடுத்தால் 7.5, காதில் 90.5. இந்தியத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கான எல்லை 90. தளர்ந்த பிளக்கின் 10.9 என்றால் 7 போக 3.9தான் மிஞ்சும்; காதில் 94. அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியாஷ் இன்னும் கறார். காதை வெளியிலிருந்து மூடும் இயர்மஃப்புக்கு எண்ணில் 25 சதவீதம், உருட்டிச் செருகும் ஃபோம் பிளக்குக்கு 50 சதவீதம், விளிம்பு பிளக் உள்ளிட்ட மற்றவற்றுக்கு 70 சதவீதம் கழிக்கச் சொன்னது. வாசற்படியிலேயே இவ்வளவு தள்ளுபடி செய்ய வேண்டிய ஒரு எண்ணை நம்பி ஒருவரின் காதை ஒப்படைப்பது சரியில்லை என்பதால்தான், இப்போது ஆளுக்கு ஆள் பொருத்தச் சோதனை செய்யச் சொல்கிறது.

அந்தச் சோதனை இரண்டு வகை. முதல் வகையில், குழாய் செருகிய மாதிரி பிளக்கைக் காதில் வைத்து, பிளக்குக்கு உள்ளே எவ்வளவு ஒலி, வெளியே எவ்வளவு என்று நுண்ணிய மைக்குகள் அளக்கும். வேகமானது, ஆனால் அந்தந்த மாடலுக்கான மாதிரி பிளக் தேவை. இரண்டாவது வகையில், தொழிலாளி தன் சொந்த பிளக்கை வைத்துக்கொண்டு, அதன்மேல் பெரிய கிண்ண ஹெட்போன் மாட்டி, மட்டுமட்டாகக் கேட்கும் மிகச் சிறிய ஒலி எது என்று சொல்வார். நேரம் கூடுதல், எந்த பிளக்குக்கும் பொருந்தும். இரண்டிலும் கிடைப்பது அந்த ஆளுக்கான எண். தேவையை விட அந்த எண் குறைந்தால், அதே இடத்தில் பிளக்கை எடுத்து மறுபடி வைக்கச் சொல்லி அளக்க வேண்டும். முதல் முறை தோற்றவர்களில் பலர் சரியாக வைக்கக் கற்றுக்கொண்டதுமே தேறிவிடுவார்கள். அப்படியும் தேறாதவருக்கு வேறு அளவு, வேறு வடிவம். இடது காதுத்துளையும் வலது காதுத்துளையும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை என்பதால், ஒரே ஆளுக்கு இரண்டு அளவு பிளக் கொடுக்க வேண்டி வரலாம். ஸ்டோரில் ஒரே அளவு மட்டும் வாங்கி வைத்திருந்தால் இது நடக்காது. காம்பாட் ஆர்ம்ஸின் பிந்தைய பதிப்புகளே ஒற்றை முனையோடு, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் வந்தன.

கருவி வாங்க வசதியில்லாத சிறு கூடத்திலும் சிலவற்றைச் செய்யலாம். அமைதியான அறையில், ஹெட்போனில் ஓர் இரைச்சலை மட்டுமட்டாகக் கேட்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை வைத்துவிட்டு, அதே இரைச்சலை 15 டெசிபல் கூட்டிப் போடுங்கள். கேட்டுவிட்டால், அந்தக் காதில் 15 டெசிபல் தடுப்புகூட இல்லை. கூடத்துக்குள் சரிபார்க்க, பிளக்கோடு இரண்டு உள்ளங்கைகளையும் காதுகளின்மேல் குவித்து மூடிப் பாருங்கள். மூடியதும் சத்தம் தெளிவாகக் குறைந்தால் பிளக் கசிகிறது. சரியாக அடைத்த பிளக்கை மெதுவாக இழுத்தால் உறிஞ்சிப் பிடிக்கும். தன் குரல் தனக்கே கனமாக, தலைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் அப்படிக் கேட்டால் மறுபக்கம் விட்டிருக்கிறது.

வைக்கும் முறை: வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். காதுத்துளையின் வளைவு நேராகும். வலது கையால் பிளக்கைச் செருக வேண்டும். விளிம்பு பிளக் என்றால் மூன்றாவது விளிம்பு துளையின் வாயை அடைக்கும் வரை. ஃபோம் என்றால் சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சியாக உருட்டி, செருகிய பின் விரிந்து அடைக்கும் வரை விரலால் அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். உருட்டும் கையில் கிரீஸ் இருக்கக் கூடாது. தாடை அசையும்போது காதுத்துளையின் வடிவமும் மாறும். ஆகவே வெற்றிலை மென்றாலோ, சாப்பிட்டாலோ, நெடுநேரம் கத்திப் பேசினாலோ எடுத்து மறுபடி வைக்க வேண்டும். உறுத்துகிறது என்று விளிம்பைக் கத்தரியால் நறுக்கிக்கொள்பவர்கள் உண்டு. திட்டுவதில் பயனில்லை, அளவு பெரிது என்று அந்தக் காது சொல்கிறது, சிறியதை எடுத்துக் கொடுங்கள். ரப்பர் விறைத்துப்போனாலோ விளிம்பு கிழிந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

நேரக் கணக்கையும் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். காதில் 25 டெசிபல் தடுக்கும் நல்ல பிளக்கை எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால், அந்த நாளின் மொத்தப் பாதுகாப்பு 9 டெசிபலுக்கு இறங்கிவிடும். அரை மணி நேரம் கழற்றினால் சுமார் 12. எண் பெரிதாக உள்ள பிளக்கை விட, கழற்றத் தோன்றாத பிளக் அதிகம் காக்கும். காதுக்குள் 75 முதல் 80 டெசிபல் வரை மிஞ்சினால் போதுமானது. 70க்குக் கீழே போனால் பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவது, ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் எதுவும் கேட்காது, பயத்தில் கழற்றிவிடுவார்கள்.

இவ்வளவும் கடைசி அரண் பற்றியது. போரில் துப்பாக்கியின் சத்தத்தை எளிதில் குறைக்க முடியாது. தொழிற்கூடத்தில் முடியும்: தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, காற்றுக்குழல் முனைக்குச் சத்தமடக்கி போடுவது, கம்ப்ரசரைச் சுவருக்கு அப்பால் வைப்பது. அங்கே குறையும் 3 டெசிபல் எல்லோர் காதிலும் ஒரே அளவில் குறையும், எந்த விளிம்பும் மீண்டு விரிந்து அதைக் கெடுக்காது.

எத்தனை செய்தாலும், பாதுகாப்பு உண்மையிலேயே கிடைத்ததா என்று காட்டுவது ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளந்த பதிவு. வேலையில் சேரும்போது, 14 மணி நேரம் இரைச்சலில் இல்லாமல் இருந்தபின் எடுத்தது அடிப்படை. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றிலும் கேட்கும் திறன் எந்தக் காதிலாவது சராசரியாக 10 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அதைக் கணிசமான மாற்றமாகக் கொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் அப்போது செய்வது, இன்னும் பெரிய என்ஆர்ஆர் போட்ட பிளக்கை எடுத்துக் கொடுப்பது. அதற்கு முன், அவர் தினமும் வைக்கும் அதே பிளக்கை அவர் கையாலேயே வைக்கச் சொல்லி, திருத்தாமல் முதல் அளவை எடுத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். திருத்திய பின் வரும் அளவு அதன் பக்கத்தில் இருக்கட்டும். இத்தனை நாளும் அவர் காதுக்குள் போனது எவ்வளவு என்பதை அந்த முதல் எண்தான் சொல்லும்.